பூர்வகுடிகளின் வீடுகள் ஏன் பழுதாகின்றன, எப்படிச் சீராகும்?

கேள்வி: ஆஸ்திரேலியா, கனடா போன்ற வளமான நாடுகள் தங்கள் பூர்வகுடி மக்களுக்கு வீடு கட்டப் பெருந்தொகை செலவிடுகின்றன. அப்படியும் அம்மக்களின் வாழ்நிலை ஏன் மோசமாகவே இருக்கிறது? கொடுத்த வீட்டை அவர்களே பாழாக்கிவிடுகிறார்கள் என்று சொல்லப்படுவது உண்மையா? என்ன செய்தால் நிலைமை மாறும்?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். அதற்குத் தவறான விடையை மனத்தில் இருத்திக்கொண்டு மற்ற இரண்டையும் பேசினால் பேச்சு முழுவதும் கோணலாகிவிடும். பூர்வகுடிக் குடும்பங்களுக்கு வீட்டைப் பேணத் தெரியாது என்பது ஆஸ்திரேலியாவின் அலுவலகங்களிலும் செய்தித்தாள்களிலும் பல காலம் புழங்கிவந்த பேச்சு. அது சரியா என்று சிலர் வீடு வீடாகச் சென்று அளந்து பார்த்தார்கள். ஹெல்த்ஹாபிடட் என்னும் அமைப்பு 132 பூர்வகுடிக் குடியிருப்புகளில் 4,343 வீடுகளைச் சோதித்துத் திரட்டிய தரவுகள் 2008-இல் மருத்துவ ஆய்விதழில் வெளியாயின. பழுதுகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வழக்கமான பராமரிப்பு இல்லாததால் வந்தவை. சுமார் கால் பங்கு, கட்டும்போதே தவறாகக் கட்டியதாலும் மட்டமான பொருள்களைப் பொருத்தியதாலும் வந்தவை. குடியிருப்போரின் முறையற்ற பயன்பாடும் வேண்டுமென்றே செய்த சேதமும் அளவுக்கு மீறிய பயன்பாடும் சேர்ந்தே பத்தில் ஒரு பங்கு அளவுதான். அதே ஆய்வில் மின் பாதுகாப்புச் சோதனையில் தேறிய வீடுகள் பத்தில் ஒன்று அளவே; உணவைச் சேமித்து, தயாரித்து, சமைக்கப் போதிய வசதி இருந்த வீடுகள் நூற்றுக்கு ஆறு.

ஆகவே, குற்றம் சாட்டப்பட்டவர்கள் குற்றவாளிகள் அல்லர். வீட்டைக் கட்டியவர்களும், கட்டிய பிறகு திரும்பிப் பார்க்காமல் விட்டவர்களும்தான் பெரும்பங்குப் பழுதுக்குப் பொறுப்பாளிகள். இதைச் சற்று அழுத்தியே சொல்கிறேன், ஏனென்றால் "பாழாக்குகிறார்கள்" என்ற பேச்சு வெறும் அவதூறாக நின்றுவிடுவதில்லை. அது பணத்தின் போக்கையே மாற்றிவிடுகிறது. குடியிருப்போரிடம்தான் குறை என்று நம்பும் நிர்வாகம், அவர்களுக்கு வீட்டைப் பேணும் பயிற்சி வகுப்பு நடத்தப் பணம் ஒதுக்கும்; பிளம்பரை அனுப்ப ஒதுக்காது.

இந்த அளவெடுப்பு எங்கிருந்து தொடங்கியது என்பதை அறிவது பயனுள்ளது. 1985-இல் தெற்கு ஆஸ்திரேலியாவின் வடமேற்கு மூலையில், பாலைநிலத்தில் இருக்கும் ஆனங்கு பிட்ஜன்ஜட்ஜரா நிலப்பகுதியில், பூர்வகுடிகளே நடத்தும் ஙனம்பா நலவாழ்வுக் கழகத்தின் இயக்குநராக யாமி லெஸ்டர் இருந்தார். 1950-களில் அப்பகுதியில் பிரிட்டன் நடத்திய அணுகுண்டுச் சோதனைகளின் காலத்தில் சிறுவனாக இருந்து, பின்னர் கண்பார்வையை இழந்தவர் அவர். மருத்துவ நிலையம் நன்றாக நடந்தும் அதே நோய்களுடன் அதே பிள்ளைகள் திரும்பத் திரும்ப வருவதைக் கண்டு, மக்கள் நோயுறுவதையே நிறுத்த வழி காணுமாறு கட்டடக் கலைஞர் பால் போலெரோஸ், மருத்துவர் பால் டார்சில்லோ, சுற்றுப்புற நலத் துறையில் பணியாற்றிய ஸ்டீஃபன் ரைனோ ஆகிய மூவரைக் கேட்டுக்கொண்டார். அவர்கள் பணியிலிருந்து 1987-இல் ஓர் அறிக்கை வந்தது. அதன் உள்ளடக்கம் மிக எளிமையானது: மக்கள் நோயின்றி வாழ அவர்களுடைய வீடு ஒன்பது செயல்களுக்கு இடம்கொடுக்க வேண்டும்.

அந்த ஒன்பதும் முக்கியத்துவத்தின் வரிசையில் அமைந்தவை. உடலைக் கழுவ முடிய வேண்டும், குறிப்பாகச் சிறு குழந்தைகளை நாள்தோறும் குளிப்பாட்ட முடிய வேண்டும் என்பது முதலாவது. துணியையும் படுக்கையையும் துவைப்பது, கழிவுநீரைப் பாதுகாப்பாக வெளியேற்றுவது, உணவைச் சேமித்துச் சமைப்பது ஆகியவை அடுத்து வருகின்றன. நெரிசலின் தீமையைக் குறைப்பது, விலங்குகளாலும் பூச்சிகளாலும் வரும் தொல்லையைக் குறைப்பது, தூசியைக் கட்டுப்படுத்துவது, வீட்டின் வெப்பநிலையைக் கட்டுக்குள் வைப்பது, காயம் ஏற்படுத்தும் ஆபத்துகளை நீக்குவது ஆகியவை பின்னர் வருகின்றன. சுவரின் நிறமும் கூரையின் வடிவமும் இந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் திறப்பு விழாப் படங்களில் தெரிபவை அவைதான். குளியலறைத் தரையின் சரிவு எந்தப் படத்திலும் தெரிவதில்லை.

அந்தச் சரிவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும், ஏனென்றால் வீட்டுவசதித் திட்டங்களின் வெற்றியும் தோல்வியும் இப்படிப்பட்ட இடங்களில்தான் முடிவாகின்றன. ஒரு குழந்தையை வெந்நீரில் குளிப்பாட்ட என்னென்ன ஒழுங்காக இருக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். தண்ணீர் வந்து சேர வேண்டும், போதிய அழுத்தத்துடன் வர வேண்டும். ஹீட்டர் வேலை செய்ய வேண்டும். பாலைநிலத்தில் பெரும்பாலும் ஆழ்துளைக் கிணற்று நீர்தான். அதில் சுண்ணாம்பும் உப்பும் மிகுதி. ஹீட்டரின் சூடேற்றும் கம்பியில் அந்தச் சுண்ணாம்பு கெட்டியாகப் படிந்து, கம்பி எரிந்துபோகிறது. அழுத்தத்தை விடுவிக்கும் வால்வு இறுகிக்கொள்கிறது அல்லது இடைவிடாமல் ஒழுகுகிறது. குழாயின் வாஷர் நகரத்தில் தாங்கும் காலத்தில் பாதிகூடத் தாங்குவதில்லை. தண்ணீர் வந்தாலும், தரை வடிகாலை நோக்கிச் சரியாமல் கதவை நோக்கிச் சரிந்திருந்தால் குளித்த நீர் படுக்கையறைக்குள் போகிறது. வடிகாலில் சரியாக இறங்கினாலும், வெளியே இருக்கும் கழிவுத் தொட்டி நிரம்பியிருந்தால் அது கழிப்பறை வழியாக மேலேறி வருகிறது. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் அந்தக் குழந்தை அன்று குளிக்காது. இவற்றில் எதுவும் அந்தக் குழந்தையின் தாய் செய்த தவறு அன்று. இவற்றில் எதுவும் ஒரு பிளம்பரும் எலக்ட்ரீஷியனும் சரிசெய்ய முடியாததும் அன்று.

குளிக்க முடியாத குழந்தைக்கு என்ன நேர்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். சிரங்கு வருகிறது, சொறிந்த இடத்தில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி புண்ணை உண்டாக்குகிறது. அதே கிருமி நெரிசலான வீட்டில் தொண்டைக்குத் தொண்டை தாவுகிறது. மீண்டும் மீண்டும் இந்தத் தொற்றுக்கு ஆளாகும் பிள்ளைகள் சிலருக்கு உடலின் எதிர்ப்பாற்றலே தடம்மாறி ருமாட்டிக் காய்ச்சலாகிறது. அது இதயத்தின் வால்வுகளைக் கெடுக்கிறது. வளமான நாடுகளில் பெரும்பாலும் மறைந்துபோன இந்த இதயநோய், ஆஸ்திரேலியாவின் வட ஆட்புலம் (Northern Territory) என்னும் ஆட்சிப்பகுதியின் பூர்வகுடி மக்களிடையே உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களில் காணப்படுகிறது. பதினைந்து வயதில் இதய அறுவைக்குச் செல்லும் ஒரு பிள்ளையின் நோய்க்கதை, பல ஆண்டுகளுக்கு முன் மாற்றப்படாத ஒரு வாஷரிலும் பதினைந்து பேர் உறங்கிய மூன்று அறைகளிலும் தொடங்கியிருக்கலாம். மருந்தால் மட்டும் இதை வெல்ல முடியாது என்பதை அங்குள்ள மருத்துவர்களே முன்னின்று சொல்கிறார்கள்.

இந்தப் போக்கை மாற்ற முடியும் என்பதற்குச் சான்றும் இருக்கிறது. நம்பிக்கைக்கு அதுதான் இடம். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் நலவாழ்வுத் துறை, போலெரோஸ் குழுவின் முறைப்படி பூர்வகுடிக் குடியிருப்புகளில் பத்தாண்டுகள் வீடுகளைப் பழுதுபார்த்து, அதன் விளைவை 2010-இல் வெளியிட்டது. பழுதுபார்க்கப்பட்ட வீடுகளில் வாழ்ந்தவர்கள் தொற்றுநோய்க்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட விகிதம், இப்பணி நடக்காத கிராமப்புறப் பூர்வகுடி மக்களின் விகிதத்தைவிட 40 விழுக்காடு குறைவாக இருந்தது. புதிய வீடு எதுவும் கட்டாமல், இருந்த வீட்டில் குழாயையும் மின்கம்பியையும் வடிகாலையும் சரிசெய்ததன் பயன் இது.

அந்த முறையில் இரண்டு விதிகள் எனக்கு மிக முக்கியமாகத் தெரிகின்றன. ஒன்று, பழுதுபார்க்கும் ஆளும் கருவியும் இல்லாமல் கணக்கெடுப்புக்கு மட்டும் யாரும் வீட்டுக்குள் நுழையக் கூடாது. காலையில் இருநூற்றுக்கும் மேற்பட்ட பொருள்களைச் சோதித்தால், உயிருக்கு ஆபத்தான மின்பழுதையும் நீர்ப்பழுதையும் அன்றைக்கே சரிசெய்யத் தொடங்கிவிட வேண்டும். பூர்வகுடி மக்கள் ஆய்வுக்கு ஆளானதுபோல் வேறு யாரும் ஆளாகியிருக்க மாட்டார்கள். படிவம் நிரப்பிச் சென்றவர்கள் திரும்பி வராததை அவர்கள் தலைமுறைகளாகப் பார்த்திருக்கிறார்கள். அதனால் இந்த விதி வெறும் நிர்வாக ஒழுங்கு மட்டும் ஆகாது. மரியாதையின் குறைந்தபட்ச அளவு அது. மற்றொன்று, சோதிக்கும் குழுவில் பெரும்பாலோர் அந்த ஊர் மக்களாகவே இருக்க வேண்டும். குழுவில் நான்கில் மூன்று பங்கு அளவுக்கு உள்ளூரார் இருந்திருக்கிறார்கள். அவர்கள் கற்ற வேலை, குழு போன பிறகும் ஊரில் இருக்கும்.

பழுது நீக்கினால் மட்டும் போதுமா என்றால், போதாது. வீடுகளே போதவில்லை என்பது அடுத்த உண்மை. நெரிசலையும் பழுதையும் தனித்தனிச் சிக்கல்களாகப் பேசுகிறவர்கள் அவை ஒன்றையொன்று வளர்ப்பதைக் கவனிப்பதில்லை. ஐவருக்கென அமைத்த கழிவுத் தொட்டியைப் பதினைந்து பேர் பயன்படுத்தினால் அது மூன்றில் ஒரு பங்கு காலத்தில் நிரம்பும். ஹீட்டரில் மூன்றாமவருக்கு மேல் வெந்நீர் இருக்காது. கதவின் கீல் மும்மடங்கு வேகத்தில் தேயும். பிறகு அந்த வீடு குடியிருக்க முடியாமல் மூடப்பட்டால், அங்கிருந்தவர்கள் அடுத்த உறவினர் வீட்டுக்குச் செல்வார்கள். அந்த வீடும் அதே பாதையில் போகும். உறவினருக்கு வாசலைச் சாத்தாத மக்கள் என்பதால் தெருவில் படுப்பவர்களின் எண்ணிக்கை குறைவாகத் தெரிகிறது. வீடற்றோர் வீட்டுக்குள்ளேயே மறைந்திருக்கிறார்கள்.

2008 முதல் 2018 வரை ஆஸ்திரேலிய நடுவண் அரசு, தொலைதூரப் பூர்வகுடிக் குடியிருப்புகளின் வீட்டுவசதிக்கென மாநிலங்களுடன் சேர்ந்து 550 கோடி டாலர் திட்டம் ஒன்றை நடத்தியது. அது வீண் என்று சொல்பவர்களுடன் நான் உடன்படவில்லை. ஏறத்தாழ 4,000 புதிய வீடுகளும் 7,500 அளவுக்குப் புதுப்பிப்புகளும் அதனால் வந்தன. தொலைதூரப் பகுதிகளில் நெரிசலான வீடுகளில் வாழ்வோர் பங்கு 2008-இல் 52.1 விழுக்காடாக இருந்தது, 2014-15-இல் 41.3 விழுக்காடாகக் குறைந்தது. பணம் கொடுத்தால் வீடு கூடும், வீடு கூடினால் நெரிசல் குறையும் என்பதை அது காட்டியது. ஆனால் அதை மறுஆய்வு செய்த குழு, 2028-க்குள் மேலும் 5,500 வீடுகள் தேவைப்படும் என்றும், திட்டமிட்டுச் சுழற்சிமுறையில் பராமரிக்காவிட்டால் கட்டியவையும் விரைவில் அழியும் என்றும் எச்சரித்தது. ஒப்பந்தம் 2018-இல் முடிந்தபின் நாடு தழுவிய தொடர்ச்சி இல்லை. வட ஆட்புலத்துக்கு மட்டும் ஐந்தாண்டு நடுவண் நிதி தொடர்ந்தது; 2024-இல் அதற்கே பத்தாண்டுகளுக்கு 400 கோடி டாலர் மதிப்பில், ஆண்டுக்கு 270 வீடுகள் என்ற கணக்கில் புதிய உடன்பாடு வந்தது. இடையில் போன ஆண்டுகளில் பிறந்த பிள்ளைகள் இப்போது பள்ளிக்குப் போகிறார்கள். 2020-இல் பூர்வகுடி அமைப்புகளும் அரசுகளும் கையெழுத்திட்ட தேசிய உடன்பாட்டின்படி, 2031-க்குள் பூர்வகுடி மக்களில் 88 விழுக்காட்டினர் நெரிசலற்ற வீட்டில் வாழ வேண்டும். 2021 மக்கள்தொகைக் கணக்கில் அது 81.4 விழுக்காடு. நாடு முழுவதற்குமான இந்தச் சராசரி, நகரங்களில் வாழும் பெரும்பான்மையினரையும் சேர்த்தது; தொலைதூரக் குடியிருப்புகளின் நிலை இதைவிட மிகவும் தாழ்ந்தது.

மின்சாரத்தைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை, பேசப்பட வேண்டும். வட ஆட்புலத்தின் பூர்வகுடி வீடுகள் பலவற்றில் முன்பணம் செலுத்தி ஓட்டும் மீட்டர்தான் இருக்கிறது. பணம் தீர்ந்தால் மின்சாரம் தானாக நின்றுவிடும். 28 குடியிருப்புகளில் ஏறத்தாழ 3,300 வீடுகளின் 2018-19 தரவுகளை ஆராய்ந்தபோது, ஓராண்டில் 91 விழுக்காடு வீடுகள் ஒருமுறையேனும் மின்சாரத்தை இழந்திருந்தன. 74 விழுக்காடு வீடுகள் பத்து முறைக்கு மேல் இழந்திருந்தன. மிதமான வெப்பநிலை உள்ள நாளில் ஒரு வீட்டில் மின்சாரம் நிற்கும் வாய்ப்பு 17-இல் ஒன்று. கடும் வெயிலிலோ குளிரிலோ அது 11-இல் ஒன்றாக உயர்ந்தது. எந்த நாளில் மிகவும் தேவையோ அந்த நாளில்தான் அதிகமாக நிற்கிறது என்பது இதன் பொருள். குளிர்பெட்டியில் இன்சுலின் வைத்திருக்கும் குடும்பத்துக்கு இது வெறும் வசதிக் குறைவு அன்று. நன்கு காப்பிடப்படாத, வெயிலை அப்படியே உள்வாங்கும் சுவர்களைக் கட்டிக்கொடுத்துவிட்டு, அதைக் குளிர்விக்கும் மின்செலவை மிக ஏழைகளின் தலையில் வைத்திருக்கிறார்கள். கூரைமேல் சூரிய மின்தகடுகள் நாடெங்கும் நிறைந்திருக்கும் ஆஸ்திரேலியாவில், முன்பண மீட்டர் உள்ள அரசு வீட்டில் அவற்றை இணைக்க விதிகளே நெடுங்காலம் இடம்தரவில்லை. டென்னன்ட் கிரீக்கில் வருமுங்கு மக்களின் மூத்தவர் ஒருவர் விடாது போராடி 2021-இல் தம் வீட்டில் இணைத்துக்காட்டிய பிறகுதான் அந்த வழி திறந்தது. அதே ஊரில் இப்போது வில்யா ஜன்டா என்னும் அமைப்பு, குடியிருக்கப்போகிறவர்களே முன்னின்று வடிவமைக்கும், அந்த வெப்பத்துக்கு ஏற்ற வீடுகளுக்காகப் பணியாற்றிவருகிறது.

வடிவமைப்பைப் பற்றி நீண்ட விவாதங்கள் உண்டு, சுருக்கமாகவே சொல்கிறேன். மருமகனும் மாமியாரும் நேருக்கு நேர் வரக் கூடாது என்ற உறவு ஒழுங்கு இருக்கும் சமூகத்தில், ஒரே கதவும் ஒரே குறுகிய நடைவழியும் உள்ள வீடு அன்றாடத் துன்பம். பெரும்பொழுதை வெளியில் கழிப்பவர்களுக்கு அகலமான தாழ்வாரமும் வெளியே சமைக்க இடமும் படுக்கையறையைவிட முக்கியமாகலாம். இவற்றைக் கண்டறிய நிபுணர் குழு தேவையில்லை. வரைபடம் போடுவதற்கு முன்பு கேட்டால் போதும். கேட்ட பிறகு அதன்படி வரைய வேண்டும். ஆனால் வடிவமைப்பு எவ்வளவு அழகாகப் பண்பாட்டோடு பொருந்தினாலும், வடிகால் அடைத்துக்கொண்டால் அந்த வீடு நோயையே தரும். ஒன்று இன்னொன்றுக்கு ஈடாகாது.

அடுத்தது, எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் சிக்கல்: அந்த வீட்டின்மேல் யாருக்கு அதிகாரம்? வட ஆட்புலத்தில் 2007-இல் நடுவண் அரசு பூர்வகுடி ஊர்களின் நிர்வாகத்தில் அவசரமாகத் தலையிட்ட பிறகு, ஊர் மக்களின் சொந்த வீட்டுவசதி அமைப்புகளிடம் இருந்த வீடுகள் அரசின் பொறுப்புக்கு மாறின. மக்கள் அரசின் வாடகைதாரர்கள் ஆனார்கள். வாடகை வாங்குபவர் பழுதைச் சரிசெய்ய வேண்டும் என்பது சட்டம். ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரத்துக்குத் தென்கிழக்கே சுமார் 80 கிலோமீட்டரில் இருக்கும் சான்டா தெரேசா என்னும் ஊரில் அந்தச் சட்டம் நடைமுறையில் என்ன ஆயிற்று என்பது நீதிமன்ற ஆவணமாகவே இருக்கிறது. 2016-இல் அங்கே 70 குடும்பங்கள், 600-க்கும் மேற்பட்ட அவசரப் பழுதுகளைப் பட்டியலிட்டு, வட ஆட்புல அரசின் வீட்டுவசதித் துறைமீது வழக்குத் தொடுத்தன. அவர்களில் ஒரு மூதாட்டியின் வீட்டில் பின்வாசலுக்கு 68 மாதங்கள் கதவே இல்லை. பாம்பும் நாயும் அந்நியரும் நுழையக்கூடிய திறந்த வாசலுடன் அவர் ஐந்தாண்டுகளுக்கு மேல் உறங்கினார். வாடகைதாரர் என்ற பொறுப்பு மட்டும் அந்தக் காலம் முழுவதும் அவர்மேல் இருந்தது.

வழக்கு படிப்படியாக ஏறியது. வீடு இடிந்து விழாமல் நின்றால் போதாது, இக்கால அளவுகோலின்படி மனிதத்தன்மையுடனும் ஓரளவு வசதியுடனும் வாழத் தக்கதாக இருக்க வேண்டும் என்று 2020-இல் வட ஆட்புல உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கதவின்றிக் கழித்த இரவுகளின் மனவேதனைக்கு இழப்பீடு உண்டா என்ற கேள்வி ஆஸ்திரேலியாவின் மிக உயர்ந்த நீதிமன்றம்வரை சென்றது. 2023 நவம்பரில் அது "உண்டு" என்று முடிவு செய்து, 10,200 டாலர் இழப்பீட்டை உறுதிப்படுத்தியது. அந்த மூதாட்டி அதற்கு முன்பே காலமாகிவிட்டார். தொகை சிறியது, ஆனால் தீர்ப்பின் பயன் பெரியது. பராமரிப்பைத் தள்ளிப்போடுவது இனி அரசுக்குச் செலவில்லாத செயலாக இருக்க முடியாது. வாழ்நிலையை மேம்படுத்தும் வழிகளில் வாடகைதாரரின் சட்ட உரிமையையும், அதை எடுத்து வாதாடும் இலவசச் சட்ட உதவியையும் முன்வரிசையில் வைக்க வேண்டும் என்று நான் கருதுவது இதனால்தான்.

கனடாவில் இதே சிக்கல் நிலத்தின் வடிவில் வருகிறது. 1876-இல் இயற்றப்பட்ட இந்தியர் சட்டத்தின் கீழ், முதல்குடிகள் எனப்படும் பூர்வகுடி மக்களின் ஒதுக்கீட்டு நிலம் அரசின் பெயரில் இருக்கிறது. அதை வங்கியால் பறிமுதல் செய்ய முடியாது என்பது நிலத்தைக் காக்கும் அரண். அதே காரணத்தால் அதை ஈடுவைத்து வீட்டுக்கடன் வாங்குவதும் பெரும்பாலும் அமைச்சரின் உத்தரவாதம் இல்லாமல் நடக்காது. ஆகவே வீடு கட்டுவது கூட்டரசின் நிதியையும் அதன் நிபந்தனைகளையும் நம்பி நிற்கிறது. 2021 கணக்கெடுப்பில் கனடாவின் பூர்வகுடி மக்களில் ஆறில் ஒருவர் பெரும் பழுதுள்ள வீட்டில் வாழ்ந்தார். இது பிற மக்களின் விகிதத்தைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. வடதுருவத்தை ஒட்டிய, இனுவிட் என்னும் பூர்வகுடி மக்களின் நிலப்பகுதிகளில் பாதிக்கும் மேற்பட்டோர் நெரிசலான வீடுகளில் இருந்தனர். அங்கே காசநோயின் விகிதம், கனடாவில் பிறந்த பிற மக்களின் விகிதத்தைவிட முந்நூறு மடங்கை நெருங்கியிருந்தது என்று 2016-ஆம் ஆண்டுத் தரவுகள் காட்டின. காற்றோட்டமில்லாத அறையில் பலர் சேர்ந்து உறங்கினால் காசநோய் பரவும் என்பது நூறாண்டுகளாக உலகம் அறிந்தது.

ஒண்டாரியோ மாகாணத்தின் வடக்கிலுள்ள அட்டவாபிஸ்கட் ஊரில் 2011-இல் மக்கள் கூடாரங்களிலும் கொட்டகைகளிலும் குளிர்காலத்தை எதிர்கொண்டபோது, ஊர்த் தலைமை நெருக்கடிநிலை அறிவித்து உதவி கேட்டது. கூட்டரசு ஊரின் பணத்தை நிர்வகிக்க வெளியாள் ஒருவரை நியமித்தது. ஊரார் பணத்தைக் கையாளத் தெரியாதவர்கள் என்ற கருதுகோள் அதில் இருந்தது. அந்த நியமனம் நியாயமற்றது என்று கூட்டரசு நீதிமன்றம் 2012-இல் தீர்ப்பளித்தது. ஆஸ்திரேலியாவில் வீட்டைப் பேணத் தெரியாதவர்கள், கனடாவில் கணக்கைப் பேணத் தெரியாதவர்கள். குற்றச்சாட்டின் சொற்கள்தான் மாறுகின்றன.

இனி, என்ன செய்தால் மாறும் என்ற கேள்வி. என் விடையின் மையம் இது: கட்டிய வீடுகளை எண்ணுவதை நிறுத்திவிட்டு, செயல்படும் வீடுகளை எண்ணத் தொடங்க வேண்டும், அந்தக் கணக்கை வைத்திருக்கும் அதிகாரமும் பணமும் அங்கே வாழ்பவர்களின் அமைப்புகளிடம் இருக்க வேண்டும். ஓர் ஒப்பந்ததாரர் வீட்டை ஒப்படைக்கும் நாளில் குழாயைத் திறந்து, வடிகாலில் நீரை ஊற்றி, மின்பாதுகாப்பைச் சோதித்து, எல்லாம் தேறினால்தான் கடைசித் தவணைப் பணம் தரப்பட வேண்டும். கட்டுமானத்துக்கு ஒதுக்கும்போதே, அந்த வீட்டின் ஆயுள் முழுவதற்குமான பராமரிப்பையும் பிரித்து, வேறெதற்கும் எடுக்க முடியாதபடி ஒதுக்க வேண்டும். குடியிருப்பவர் புகார் கொடுத்த பிறகு வருவது பராமரிப்பு ஆகாது. ஆண்டுக்கு ஒருமுறையேனும் யாரும் கேட்காமலே வந்து ஹீட்டரின் சுண்ணாம்பை நீக்குவதும் கழிவுத் தொட்டியைத் திறந்து பார்ப்பதும்தான் பராமரிப்பு. நானூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து பிளம்பரை வரவழைக்கும் செலவில், பழுதைவிடப் பயணத்துக்கே அதிகம் போகிறது. ஊரிலேயே இருவரைப் பயிற்றுவித்து, நிலையான சம்பளத்தில் அமர்த்தி, உதிரிப்பாகங்கள் நிறைந்த ஒரு சிறு கிடங்கையும் கொடுத்தால், வீடும் நிற்கும், வேலையும் ஊரில் நிற்கும். அந்த வேலை ஒரு திட்டத்தின் முடிவோடு முடிந்துவிடாதபடி இருக்க வேண்டும். மூன்றாண்டுக்கு ஒருமுறை பெயர் மாறும் திட்டங்கள் பயிற்சி பெற்ற ஆட்களை ஒவ்வொரு முறையும் இழக்கின்றன.

அதிகாரத்தை மக்களிடம் கொடுப்பது யாருடைய பெருந்தன்மையும் அன்று. 2007-இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற பூர்வகுடி உரிமைகள் சாற்றுரையின் 23-ஆம் உறுப்பு, தங்களைப் பாதிக்கும் நலவாழ்வு, வீட்டுவசதித் திட்டங்களை வகுப்பதில் ஈடுபடவும், இயன்றவரை தங்கள் சொந்த அமைப்புகள் மூலம் நடத்தவும் அவர்களுக்கு உரிமை உண்டு என்கிறது. அன்று எதிர்த்து வாக்களித்த நான்கு நாடுகள் ஆஸ்திரேலியா, கனடா, நியூசிலாந்து, அமெரிக்கா. பிற்பாடு நான்கும் அதை ஏற்றன. ஏற்றதற்கும் நிதி ஒதுக்கீட்டு விதிகளுக்கும் இடையில் இன்னும் நீண்ட தூரம் இருக்கிறது. கூடவே ஒன்று சொல்ல வேண்டும்: பொறுப்பை மட்டும் கொடுத்துவிட்டுப் பணத்தைப் பிடித்துவைப்பது தன்னாட்சி ஆகாது. பல ஊர் அமைப்புகள் முன்பு தோற்றது, பழுதான வீடுகளையும் போதாத வாடகை வருமானத்தையும் மட்டும் கொடுத்து அவர்களை நிர்வாகிகளாக்கியதால்தான்.

இந்த விவாதத்தில் எப்போதும் எழும் இன்னொரு வாதத்துக்கும் பதில் சொல்லியாக வேண்டும். இவ்வளவு தொலைவில் சிறு சிறு ஊர்களில் ஏன் இருக்க வேண்டும், நகரத்துக்கு வந்தால் வசதிகள் எளிதாகக் கிடைக்குமே என்பது அந்த வாதம். 2007-இல் நடுவண் அரசும் வட ஆட்புல அரசும் செய்த உடன்பாட்டில், மக்கள் தங்கள் மூதாதையர் நிலத்துக்குத் திரும்பி அமைத்த சிற்றூர்களில் புதிய வீடு கட்ட நடுவண் அரசு பணம் தருவதில்லை என்று முடிவானதற்குப் பின்னால் இந்த எண்ணம்தான் இருந்தது. சான்று வேறுவிதமாகச் சொல்கிறது. ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு வடகிழக்கே யூட்டோப்பியா என்னும் பகுதியில், பதினாறு அளவிலான சிறு குடியிருப்புகளில் பரவி வாழும் அலியவார, அன்மத்யெர மக்களைப் பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2008-இல் வெளியானது. அவர்களுடைய இறப்பு விகிதமும் இதயநோயால் மருத்துவமனைக்குச் செல்லும் விகிதமும், வட ஆட்புலத்தின் பூர்வகுடி மக்களின் சராசரியைவிடக் குறைவாக இருந்தன. சொந்த நிலத்தோடு பிணைந்த வாழ்வும், அலைந்து வேட்டையாடி உண்ணும் உணவும், தங்கள் நலவாழ்வுச் சேவையைத் தாங்களே நடத்தியதும் அதற்குக் காரணங்களாகச் சொல்லப்பட்டன. வீட்டுவசதியில் அவர்கள் யாரையும்விட வளமாக இருக்கவில்லை. நெரிசல் மிகுந்த நகர விளிம்புக்கு அவர்களை நகர்த்துவது, இருக்கும் நலத்தையும் கெடுத்து, அங்கே ஏற்கெனவே நிரம்பி வழியும் வீடுகளில் மேலும் சிலரைச் சேர்ப்பதாக முடியும். சிற்றூர்களுக்குத் தண்ணீரும் மின்சாரமும் கொண்டுசெல்லச் செலவு அதிகம்தான். அந்தச் செலவை, இன்று சிறுநீரகக் கோளாறுக்கும் இதய அறுவைக்கும் விமானம் ஏற்றி அனுப்பும் செலவுக்குப் பக்கத்தில் வைத்துக் கணக்கிட வேண்டும்; பராமரிப்பு ஒரு துறையிலும் மருத்துவம் இன்னொரு துறையிலும் இருப்பதால் அந்த இரண்டு கணக்குகளும் இதுவரை ஒரே மேசையில் வைக்கப்படுவதில்லை.